டியூப் ஆம்பைச் சத்தமில்லாமல் பதிவு செய்ய: லோட் பாக்ஸ் வாங்குவதும் இணைப்பதும்

கிடாருக்கான டியூப் ஆம்பின் (வெற்றிடக் குழாய்களில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்) ருசி வால்யூமை ஏற்றினால்தான் வரும். ஏற்றினால் அடுக்ககத்தில் குடியிருக்க முடியாது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசிக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுமை இல்லாமல் டியூப் ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, டிரான்ஸ்ஃபார்மரோ டியூபோ டியூப் சாக்கெட்டோ போய்விடும். ஸ்பீக்கரின் இடத்தில் உட்கார்ந்து அந்தச் சக்தியை வெப்பமாக மாற்றுவதுதான் லோட் பாக்ஸ். கூடவே, பதிவு செய்ய ஒரு லைன் அவுட்டும் தரும்.

ஆடியோ இன்டர்ஃபேஸும் ரெக்கார்டிங் மென்பொருளும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் போன்ற 22 வாட், 8 ஓம் காம்போ ஆம்பை (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: ஓம்

விலையைப் பார்க்கும் முன் ஆம்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே 8 ஓம் என்றால் 8 ஓம் பெட்டிதான். டூ நோட்ஸ் கேப்டர் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி மாடல்களாக வருகிறது. ஆஃபரில் கிடைக்கிறதே என்று தவறான ஓமை வாங்கிவிடக் கூடாது. சுர் ரியாக்டிவ் லோட் 8 ஓம் மட்டும். யுனிவர்சல் ஆடியோ ஆக்ஸில் மூன்றையும் சுவிட்சில் மாற்றலாம். வெவ்வேறு ஓமில் பல ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு அது வசதி. ஒரே ஆம்ப் உள்ளவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இரண்டாம் படி: வாட்

ஆம்பின் மேல் எழுதியிருப்பது சுத்தமான ஒலியில் அது தரும் சக்தி. முழுக்கத் திருகி டிஸ்டார்ஷனுக்குள் போனால் அதைவிட நிறையவே வெளியே வரும். அதனால் இரண்டு மடங்கு தாங்கும் பெட்டியாகப் பாருங்கள். 22 வாட்டுக்கு 100 வாட் பெட்டி தாராளம். 100 வாட் மார்ஷலை 10-இல் வைத்து வாசிப்பேன் என்பவர் 100 வாட் பெட்டியை நம்பக் கூடாது.

மூன்றாம் படி: ரெசிஸ்டிவா, ரியாக்டிவா

ஸ்பீக்கரில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் எல்லா ஸ்வரத்துக்கும் அது 8 ஓம் இல்லை. 100 ஹெர்ட்ஸ் பக்கம் இம்பீடன்ஸ், அதாவது ஓமில் அளக்கும் அந்த மின்தடை, மலைபோல எழும்பும். பிறகு இறங்கி, மேல் ஸ்தாயிக்குப் போகப் போக மறுபடி ஏறும். டியூப் ஆம்ப் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளும். இம்பீடன்ஸ் ஏறும் இடத்தில் மின்னழுத்தமும் ஏறும். வெறும் ரெசிஸ்டர் வைத்த பெட்டி எல்லா இடத்திலும் தட்டையான 8 ஓம் காட்டுவதால் கீழே கனமும் மேலே பளிச்சும் குறைந்துவிடும். வாக்ஸ் ஏசி30 போல நெகட்டிவ் ஃபீட்பேக் (அவுட்புட்டில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பித் தன்னையே அடக்கிக்கொள்ளும் ஏற்பாடு) இல்லாத ஆம்ப்களில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும்.

ஸ்பீக்கரின் அந்த ஏற்ற இறக்கத்தையே போலச் செய்யும் பெட்டிதான் ரியாக்டிவ். என் கட்சி ரியாக்டிவ்தான். ஈக்யூ போட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். ஒலியை ஓரளவு சரிசெய்யலாம், விரலுக்குக் கீழே கிடைக்கும் உணர்வு திரும்பாது. ஆனால் பெட்டிக்குள்ளேயே ஐ.ஆர். (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது ஸ்பீக்கர் கேபினட்டும் மைக்கும் தரும் ஒலியைப் பிடித்துவைத்த கோப்பு) வசதி வேண்டுமா என்றால், கணினியில் பதிவு செய்பவருக்கு வேண்டாம் என்பேன். மேடைக்கும் எடுத்துப்போகிறவர் கேப்டர் எக்ஸ் மாதிரி ஒன்றைப் பார்க்கலாம்.

நான்காம் படி: இணைப்பு

ஆம்ப் அணைந்திருக்கும்போதே ஆம்பின் ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து லோட் பாக்ஸின் இன்புட்டுக்கு ஸ்பீக்கர் கேபிளைச் செருகுங்கள். கிடார் கேபிளும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அதன் மெல்லிய கம்பி இந்த மின்னோட்டத்துக்கு ஆனதல்ல. பெட்டியைச் சுற்றிக் காற்றோட்டம் இருக்கட்டும்.

பிறகு லைன் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு. எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். 22 வாட் 8 ஓமில் என்றால் ஏறக்குறைய 13 வோல்ட். ஸ்டூடியோ லைன் அளவு 1.23 வோல்ட். பெட்டி இதைக் குறைத்துத்தான் அனுப்புகிறது, ஆனாலும் மைக் ப்ரீஆம்புக்கு அது அதிகம். பல இன்டர்ஃபேஸ்களில் எக்ஸ்.எல்.ஆர். செருகினால் மைக் ப்ரீஆம்புக்கும், கால் அங்குல ஜாக் செருகினால் லைன் இன்புட்டுக்கும் போகும். லைனில் போடுங்கள், இன்ஸ்ட்ருமென்ட் பட்டனை அணைத்துவிடுங்கள், கெயினை முழுக்கக் குறைத்துத் தொடங்குங்கள். பலமாக அடிக்கும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். பெட்டியின் கையேடு கேட்டால் தவிர 48 வோல்ட் வேண்டாம்.

ஐந்தாம் படி: ஐ.ஆர்.

இப்போது கேட்டால் தேனீக் கூட்டுக்குள் மைக் வைத்தது போல இருக்கும். பயப்பட வேண்டாம். கேபினட்டும் மைக்கும் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். அதைச் சேர்ப்பதுதான் ஐ.ஆர். ஏற்றும் பிளக்இன். இக்னைட் ஆம்ப்ஸின் நாட்ஐஆர் இலவசம். ரீப்பர் ரெக்கார்டிங் மென்பொருளில் இருப்பவர்களுக்குக் கூடவே வரும் ரியாவெர்ப் போதும். அதில் ஒரு ஐ.ஆர். கோப்பை ஏற்றுங்கள். இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரை அணைத்து, மென்பொருள் வழியாகவே கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தேனீயும் சேர்ந்து பாடும். பஃபர் 64 அல்லது 128. பெட்டியில் கேபினட் சிமுலேஷன் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இரண்டு கேபினட் சேர்ந்தால் ஒலி கம்பளிக்குள் போய்விடும்.

ஐ.ஆர். கோப்புகளை நூற்றுக்கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று போதும். பதிவு வெறும் சிக்னலாக இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பின்னர் சேர்த்தது: டீலக்ஸ் ரிவர்பில் லோட் பாக்ஸை மாட்டினால் சத்தமே வரவில்லை என்று கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார்கள். அந்த வகை ஃபெண்டரில் இரண்டு ஸ்பீக்கர் ஜாக் உண்டு. முதன்மை ஜாக் காலியாக இருந்தால் அது அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும், ஆம்பைக் காப்பாற்றுவதற்காக. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை இரண்டாவது ஜாக்கில் மாட்டியிருப்பீர்கள். முதன்மை ஜாக்கில் மாட்டுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றாமல் இரண்டாவதில் மட்டும் மாட்டினால் ஸ்பீக்கரும் கத்தும், மொத்தச் சுமையும் 4 ஓமாகிவிடும்.

இன்னொன்று, சில லோட் பாக்ஸ்களில் இருக்கும் அட்டெனுவேட்டர் அவுட்டில் (சக்தியைக் குறைத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஜாக்) ஸ்பீக்கர் மாட்டலாமா என்ற கேள்வி. மாட்டலாம். ஆனால் மைனஸ் 20 டெசிபல் என்பது நூறில் ஒரு பங்கு. 22 வாட் 0.22 வாட் ஆகும். அதுவே 12 அங்குல ஸ்பீக்கரில் பக்கத்து அறைக்குத் தெளிவாகக் கேட்கும். நள்ளிரவுக்கு ஹெட்ஃபோன்தான்.

ஹம் (உம்மென்ற இரைச்சல்) வருகிறது என்பவர்கள் பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (லைன் அவுட்டின் கிரவுண்டை மட்டும் பிரிப்பது) இருந்தால் போட்டுப் பாருங்கள். அப்புறம் கணினி, ஆம்ப் இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் மாட்டிப் பாருங்கள். ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த்தைத் துண்டித்து ஹம்மை நிறுத்தும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே நானூறு வோல்ட் ஓடுகிறது, உங்கள் கை கிடார் கம்பியில் இருக்கிறது.