47 × 36: கையால் பெருக்கச் சில வழிகள்

பள்ளியில் படித்த முறையில் 47-ஐ முதலில் 6-ஆல் பெருக்கினால் 282, அடுத்த வரியில் ஓர் இடம் தள்ளி 141, கூட்டினால் 1692. பிள்ளைகள் தப்பு விடுவது பெரும்பாலும் அந்த 'ஓர் இடம் தள்ளி'யில்தான், அதனால் தள்ளவே வேண்டாம், 1410 என்று பூஜ்ஜியத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது குறுக்குப் பெருக்கல். 47-க்குக் கீழே 36 எழுதுங்கள். வலது ஓரத்தில் 7 × 6 = 42, அதில் 2-ஐ எழுதி 4-ஐ மீதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெருக்கல் குறி போல குறுக்கே போங்கள்: 4 × 6 = 24, 7 × 3 = 21, இரண்டும் சேர்ந்து 45, மீதி 4-ஐயும் சேர்த்தால் 49. 9-ஐ 2-க்கு இடப்பக்கம் எழுதுங்கள், மறுபடி 4 மீதி. கடைசியாக 4 × 3 = 12, மீதியோடு 16. ஆக 1692, ஒரே வரியில். நாலைந்து கணக்கு போட்டுப் பார்த்தால் கை தானாகவே பழகிவிடும்.

48 × 52 மாதிரி வந்தால் இவ்வளவுகூட வேண்டாம். இரண்டும் 50-லிருந்து 2 தள்ளி இருக்கின்றன, 50 × 50 = 2500-ல் 2 × 2 = 4 கழித்தால் 2496.

100-க்குப் பக்கத்து எண்களா? 97 × 94-ல் 100-க்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள், குறைகள் 3, 6. 97-ல் 6 போனால் 91, குறைகளைப் பெருக்கினால் 18, இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் விடை 9118. குறைகளின் பெருக்கல் ஓரிலக்கமாக வந்தால் முன்னால் பூஜ்ஜியம் போட மறக்காதீர்கள்: 98 × 97 என்பது 9506.