ஆர்வில அருவி பாக்கப் போறீங்களா? ப்ளூ ரிட்ஜ் பார்க்வேல நம்மாளுங்க விடாம பண்ற தப்புகள்

மே மாசம் பொறந்தா போதும், யாராவது போன் பண்ணி "அண்ணா, ஆர்வி புக் பண்ணிட்டோம், நார்த் கரோலினா சைடு ப்ளூ ரிட்ஜ் பார்க்வே போறோம், அருவி லிஸ்ட் மட்டும் அனுப்புங்க"ன்னு கேப்பாங்க. ஆர்வின்னா படுக்கை, அடுப்பு, டாய்லெட்டோட வர்ற வீட்டு வண்டி, பார்க்வேன்னா அமெரிக்கால மலை மேலயே போற ரோடு. லிஸ்ட் எவன் வேணா குடுப்பான். நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான், வண்டி எவ்ளோ உயரம்? உடனே "28 அடிண்ணா"ன்னு பதில் வரும். ஏம்ப்பா, அது நீளம்.

ஆரம்பத்துல நாங்க பண்ணாத கூத்து இல்ல, அதனால புதுசா போறவங்களைக் குறை சொல்ல வரல. ஆனா அதே தப்பை வருஷா வருஷம் வேற வேற குடும்பம் அச்சு மாறாம பண்றதைப் பாக்கும்போது எரிச்சலா தான் இருக்கு. டார்ச் எடுத்துக்கோங்க, ரெயின்கோட் எடுத்துக்கோங்க, டயர் காத்து பாருங்க, இதெல்லாம் நான் சொல்லப்போறதில்ல, உங்களுக்கே தெரியும்.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த ரோடு மொத்தம் 469 மைல், வெர்ஜீனியால ராக்ஃபிஷ் கேப்ல ஆரம்பிச்சு நார்த் கரோலினால செரோகில முடியுது. 1935ல வேலை தொடங்கி, லின் கோவ் பாலம் இருக்குற கடைசித் துண்டு முடிய 1987 ஆயிடுச்சு. 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் வந்து நார்த் கரோலினா பகுதிய புரட்டிப் போட்டுட்டுப் போச்சு, நிறைய இடத்துல ரோடே சரிஞ்சு விழுந்துது. அதனால கிளம்புற அன்னிக்குக் காலைல இந்த ரோட்டைப் பாத்துக்குற நேஷனல் பார்க் சர்வீஸ் சைட்ல எந்த மைல்போஸ்ட்லேர்ந்து (ரோட்டோர மைல் கல்லு) எதுவரைக்கும் தொறந்திருக்குன்னு பாத்துட்டுக் கிளம்புங்க. போன் மேப்பை மட்டும் நம்பிப் போயி பூட்டுன கேட் முன்னாடி நின்னா, அவ்ளோ நீள வண்டிய ரிவர்ஸ் எடுக்கப்போறது நீங்க தான்.

வண்டி உயரம் தெரியாம சுரங்கத்துக்குள்ள போறது

பணத்தை முழுங்குற தப்பு இது தான், எனக்கு இன்னும் ஆறாததும் இது தான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பார்க்வேல மொத்தம் 26 சுரங்கம், அதுல 25 நார்த் கரோலினால. எல்லாம் மலையக் குடைஞ்சு வளைவா கட்டுனது. வளைவுன்னா என்ன அர்த்தம், நடுவுல உயரம் அதிகம், ஓரத்துல கம்மி. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் நடுவுல எவ்ளோ, ஓர வெள்ளைக்கோட்டுக்கு மேல எவ்ளோன்னு பார்க் சைட்லயே பட்டியல் போட்டு வெச்சிருக்கான், அதைப் பாக்குற ஆள் தான் இல்ல. பெரும்பாலான சுரங்கத்துல சாதாரண ஆர்வி நிம்மதியா போயிடும். ஆனா செரோகி பக்கம் நெருங்க நெருங்க சிலதுல ஓரத்துல 11 அடிக்கு அக்கம்பக்கம் தான். நம்மாளுங்க வாடகைக்கு எடுக்குற வண்டி, டிரைவர் சீட்டுக்கு மேல படுக்கை துருத்திக்கிட்டு இருக்குமே அந்த வகை, கூரை மேல உக்காந்திருக்குற ஏசியோட சேத்தா 12 அடி கிட்ட வந்துரும். கணக்கு புரியுதா?

எங்களுக்கு நெருங்குன நண்பர் குடும்பம் ஒண்ணு, அவங்க ஆர்வில, நாங்க பின்னாடி கார்ல. நல்லா தான் ஓட்டிட்டுப் போனாரு. ஒரு சுரங்கத்துக்குள்ள நுழைஞ்சதும் எதிர்ல பைக் கூட்டம், அந்த ரோட்ல வாரக்கடைசில பைக் கூட்டத்துக்குக் குறைச்சலே கிடையாது, பத்துப் பதினஞ்சு பேரு வரிசையா லைட்டப் போட்டுக்கிட்டு வராங்க. இவரு பாவம் நல்ல மனுஷன், அவங்களுக்கு இடம் விடுறேன்னு வலதுபக்கம் ஒதுங்குனாரு. அவ்ளோ தான், மேல தரதரன்னு சத்தம். உள்ள இருந்த அவரு வீட்டுக்காரம்மா அலமாரிலேர்ந்து குக்கர் விழுந்துருச்சுன்னு நெனச்சு எந்திரிச்சுப் பாத்திருக்காங்க. வெளிய வந்து ஓவர்லுக்ல (மலைய வேடிக்கை பாக்க வண்டி நிறுத்துற இடம்) நிறுத்தி ஏறிப் பாத்தா ஏசி மூடி ரெண்டா பிளந்து தொங்குது, கூரை ஷீட் ஒரு முழத்துக்குக் கிழிஞ்சிருக்கு. அந்த மலைல கோடைல மத்தியானம் ஆனா இடி மழை சகஜம், அன்னிக்கும் பேஞ்சுது, கிழிசல் வழியா தண்ணி எறங்கி பசங்க படுக்கை மொத்தமும் நனைஞ்சு, ராத்திரி எல்லாரும் எங்க டென்ட்ல கால் நீட்ட இடமில்லாம படுத்தோம்.

இதுவரைக்கும் கூட பரவாயில்ல, எங்க வேணா நடக்குறது தான். எனக்கு ஆறாதது அதுக்கு அப்புறம் நடந்தது. மனுஷன் பதட்டமே இல்லாம "ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கேண்ணா, ஒண்ணும் பிரச்சனை இல்ல"ன்னாரு. வண்டிய திருப்பிக் குடுக்கும்போது தான் கவுண்டர்ல அந்தப் பத்தியக் காட்டுனாங்க: கூரை, கூரைக்கு மேல இருக்குற எதுல அடிபட்டாலும் காப்பீடு கிடையாது, வண்டி அடிப்பாகமும் அதே மாதிரி. கீழ அவரு கையெழுத்து. டெபாசிட் போச்சு, அதுக்கு மேலயும் கட்டுனாரு, அந்தக் காசுல ஊருக்கே ஒரு தடவை போயிட்டு வந்திருக்கலாம். வாடகை ஒப்பந்தத்துல இந்த விலக்கு ரொம்ப சாதாரணமா இருக்குற ஒண்ணு, ஏன்னா புதுசா ஓட்டுறவங்க எல்லாருமே இடிக்கிறது மேல தான்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். கிரெடிட் கார்டு பாத்துக்கும்னு நெனக்காதீங்க, கார் வாடகைக்குக் குடுக்குற காப்பீட்டுல நிறைய கார்டு ஆர்விய சேத்துக்கறதே இல்ல. உங்க சொந்த கார் பாலிசியும் இதுக்கு வரும்னு உத்தரவாதம் கிடையாது. கிளம்புறதுக்கு முன்னாடியே ஏஜெண்ட்டுக்கு போன் போட்டு "வாடகை ஆர்வி, கூரைல அடிபட்டா யாரு கட்டுறது?"ன்னு நேரா கேளுங்க, பதிலை மெயில்ல வாங்கிக்கோங்க.

சரி, என்ன பண்ணணும்? வண்டி எடுக்கும்போதே ஏசி, ஆன்டெனா எல்லாம் சேத்து மொத்த உயரம் கேட்டு, அடி அங்குலத்துல ஒரு சீட்டுல எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டுங்க. பிரவுச்சர்ல இருக்குற நம்பர்ல சில சமயம் ஏசி சேந்திருக்காது, சந்தேகம் இருந்தா டேப் வெச்சு அளந்துக்கோங்க, வெக்கப்படாதீங்க. சுரங்கத்துக்கு முன்னாடி வேகத்தக் குறைச்சு, எதிர்ல வண்டி வருதுன்னா அவங்க வெளிய வர்ற வரைக்கும் நின்னுட்டு, காலியானதும் ஹெட்லைட்டப் போட்டு நம்ம லேன்லயே நடுக்கோட்ட ஒட்டி மெதுவா போங்க. பின்னாடி எவனாவது ஹாரன் அடிச்சா அடிக்கட்டும், உங்க டெபாசிட்ட அவன் கட்டப்போறதில்ல.

இன்னும் ஒரு வழி இருக்கு, அந்தக் குள்ள சுரங்கங்களுக்கே போகாம தப்பிச்சுக்கலாம். செரோகி போறவங்க மைல்போஸ்ட் 455 தாண்டுனதும் வர்ற சோகோ கேப்ல பார்க்வேய விட்டுட்டு யு.எஸ். 19ல எறங்கிடுங்க. அந்த ரோட்லயே சோகோ அருவி இருக்கு, ரெண்டு பக்கத்துலேர்ந்து ரெண்டு அருவி வந்து ஒண்ணா சேரும், பாக்க அவ்ளோ அழகு. ஆனா ரோட்டோரம் நிறுத்துற இடம் ரொம்பச் சின்னது, ஆர்வி மட்டும் வெச்சிருக்கவங்க ஏமாந்து தான் போகணும்.

அப்புறம் இந்தக் கூரை விவகாரம் சுரங்கத்தோட முடியல. கேம்ப்கிரவுண்ட் மரக்கிளை, பெட்ரோல் பங்க் கூரை, பசங்க ஃப்ரைஸ் கேட்டாங்கன்னு நுழையுற டிரைவ்-த்ரூ, எல்லாம் ஒரே கதை தான். ஆர்வியோட டிரைவ்-த்ரூக்குள்ள போறவங்களுக்கு நான் என்ன சொல்ல.

வீட்டையே இழுத்துக்கிட்டு அருவி அருவியா சுத்துறது

ஆர்விங்கிறது வீடு, கார் இல்ல. மைல்போஸ்ட் 418.8ல கிரேவ்யார்ட் ஃபீல்ட்ஸ்னு ஒரு இடம், நல்ல அருவிங்க, நடக்கவும் சுலபம். ஆனா அங்க கோடை வாரக்கடைசில கார் நிறுத்தவே இடம் கெடைக்காது, ஆர்வியோட போனா ஜன்னல் வழியா டாட்டா காட்டிட்டுப் போக வேண்டியது தான். நாலு குடும்பம் சேந்து மூணு ஆர்வி எடுக்குறாங்க, ஒரு கார் கூட கொண்டுவர மாட்டாங்க, என்ன கணக்குன்னே புரியல. ரெண்டு குடும்பம்னா ஒரு ஆர்வி ஒரு கார், அது போதும்.

என்னைக் கேட்டா வண்டிய பிரெவார்ட் பக்கம் பிஸ்கா காட்டுல ஒரே எடத்துல போட்டுருங்க. அந்த டிரான்சில்வேனியா கவுன்ட்டில மட்டும் 250 அருவிக்கு மேல இருக்கு, வேற எங்கயும் ஓடவே வேணாம். டேவிட்சன் ரிவர் கேம்ப்கிரவுண்டுல தங்குனா யு.எஸ். 276ல கார்ல பத்து நிமிஷத்துல லுக்கிங் கிளாஸ் அருவி, 60 அடி, ரோட்டோரத்துலயே கொட்டுது, தாத்தா பாட்டி கூட கார்லேர்ந்து எறங்குன எடத்துலேர்ந்தே பாத்துரலாம். அதைத் தாண்டி கொஞ்ச தூரத்துல மூர் கோவ், முக்கால் மைல் கூட நடக்கத் தேவையில்ல, அருவிக்குப் பின்னாடியே போயி நிக்கலாம். இன்னும் மேல போனா ஸ்லைடிங் ராக், 60 அடி பாறைச் சறுக்கல், பசங்கள அங்கேர்ந்து கெளப்புறதுக்குள்ள பொழுது சாஞ்சுரும். தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், மாத்துத் துணி கார்ல வெச்சுக்கோங்க.

குற்றாலம் நெனப்புல அருவிக்கு அடியில தலைய நீட்டுறது

கட்டையும் கல்லும் சேந்து வரும். தள்ளி நின்னு நனைங்க.

அருவி உச்சிக்கு ஏறி போட்டோ

வேணாம். வழுக்கும். வருஷா வருஷம் சாகுறாங்க.

இறக்கத்துல பிரேக் மேலயே கால வெச்சிருக்கறது

பார்க்வேலேர்ந்து 276ல பிரெவார்ட் பக்கம் எறங்குறது கொண்டை ஊசியும் வளைவுமா போயிட்டே இருக்கும். கார் ஓட்டுற பழக்கத்துல பிரேக்க லேசா அமுக்கிக்கிட்டே எறங்குவாங்க, அஞ்சாறு டன் வண்டி, பிரேக் சூடாயி கருகுன வாசனை வரும், இன்னும் சூடானா அமுக்கினாலும் பிடிக்காது. இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிருங்க, டோ ஹால்னு ஒரு பட்டன் இருந்தா அதையும் போட்டுருங்க, இன்ஜின் உறுமும், உறுமட்டும், அது கெட்டுப்போகாது. வேகத்தை இன்ஜின் புடிச்சுக்கட்டும், பிரேக்க நல்லா ஒரு அமுக்கு அமுக்கி வேகத்தக் குறைச்சுட்டு உடனே விட்டுரணும். வாசனை வந்துருச்சுன்னா ஓரங்கட்டி ஆறவிடுங்க, சக்கரத்து மேல தண்ணி மட்டும் ஊத்தாதீங்க.

பெட்ரோல்

பார்க்வேல பங்க் கிடையாது. பாதி டேங்க் ஆனாலே எறங்கிப் போட்டுக்கோங்க.

கரண்ட் இருக்கும்னு நம்பி மிக்ஸி கிரைண்டரோட போறது

பார்க்வே மேல இருக்குற பார்க் சர்வீஸ் கேம்ப்கிரவுண்ட் எதுலயும், மவுண்ட் பிஸ்கா ஆகட்டும் ஜூலியன் பிரைஸ் ஆகட்டும், ஹுக்கப் கிடையாது. கரண்ட், தண்ணி, டிரெய்னேஜ் மூணுமே நாம வண்டி போடுற சைட்டுல இருக்காது. ஜெனரேட்டர் ஓட்ட குறிப்பிட்ட நேரம் தான் அனுமதி, ராத்திரி பத்து மணிக்கு சட்னி அரைக்கணும்னா பக்கத்து சைட்டுக்காரன் ரேஞ்சரைக் கூப்பிட்டுருவான். ஹுக்கப் கண்டிப்பா வேணும்னா கீழ ஊருப்பக்கம் தனியார் கேம்ப்கிரவுண்ட் பாருங்க. மேல தான் தங்கணும்னா மாவு, பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் வீட்லயே ரெடி பண்ணி கொண்டு வந்துருங்க, தண்ணி டேங்க கீழயே ரொப்பிக்கோங்க. மவுண்ட் பிஸ்கா கிட்டத்தட்ட 5,000 அடி உயரம், ஜூலைலயும் ராத்திரி குளிரும், ஏசி ஞாபகமே வராது. கம்பளி தான் தேவைப்படும்.

நம்ம சமையலுக்குன்னு தனியா ஒண்ணு. சாம்பார் வண்டல், கறிவேப்பிலை, எண்ணெய், எல்லாத்தையும் சிங்க்ல ஊத்துனா அது கீழ கழிவுத் தண்ணி டேங்க்ல போயி தங்கி, ரெண்டாவது நாள் மத்தியானம் வெயில்ல வண்டிக்குள்ள ஒக்கார முடியாது. தட்டை பேப்பர் டவல்ல துடைச்சு குப்பைல போட்டுட்டு அப்புறம் கழுவுங்க. மிச்சம் மீதிய வெளிய டேபிள்ல விடாதீங்க, நெருப்புக் குழில கொட்டாதீங்க, அந்தக் காடு முழுக்க கருங்கரடி. குளிர்பெட்டிய கூட ராத்திரி வண்டிக்குள்ள ஏத்தி கதவச் சாத்திருங்க. கரடி வந்து போறது பெரிய விஷயமில்ல, ஒரு தடவை நம்ம பிரியாணிய ருசி பாத்துட்டா திரும்பத் திரும்ப வரும், கடைசில அந்தக் கரடிய சுட்டுருவாங்க.

ஓடுற வண்டில பசங்க பெட்ல படுத்துக்கறது, அம்மா தோசை ஊத்துறது

பெல்ட் இருக்குற சீட்டு எத்தனையோ அத்தனை பேர் தான். பேச்சே கிடையாது.

டம்ப் பண்றதை (கழிவு டேங்கைக் காலி பண்றதை) கடைசி நிமிஷத்துக்கு வெக்கிறது

ஞாயித்துக்கிழமை பத்து பதினோரு மணிக்கு டம்ப் ஸ்டேஷன்ல பெரிய வரிசை நிக்கும், ஒவ்வொருத்தரும் யூடியூப் பாத்துட்டு தான் குழாய மாட்டுவாங்க, இந்தப் பக்கம் வண்டி திருப்பிக் குடுக்குற நேரம் தாண்டிருச்சுன்னா அதுக்குத் தனியா காசு. காலைல எந்திரிச்சதும் காபிக்கு முன்னாடியே போயிருங்க. மொதல்ல டாய்லெட் டேங்க், அது முழுசா காலியானப்புறம் தான் சமையல் தண்ணி டேங்க், அந்தத் தண்ணி குழாய அலசிக் குடுத்துரும். தங்கியிருக்கும்போது டாய்லெட் டேங்க் வால்வை மூடியே வெச்சிருங்க, தொறந்து வெச்சா தண்ணி மட்டும் ஓடிரும், மத்தது உள்ளயே காஞ்சு கட்டியாயிரும், அப்புறம் அதை எடுக்க வாடகை கம்பெனிக்காரன் போடுற பில்லு தனி. கையுறை ரெண்டு ஜோடி வெச்சுக்கோங்க, ஒண்ணு கண்டிப்பா கிழியும்.