எல்லாம் கச்சிதமாக இருந்தாக வேண்டுமா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் பல குடும்பங்களில் விருந்து என்றாலே தேங்காய்ப்பாலில் செய்கிற சொதிக் குழம்புதான். இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலுமாக இலை போட்டால் வந்தவர்கள் மறுசோறு வாங்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் சமைத்தவர் முகத்தைப் பாருங்கள். "மைனி, சொதி பிரமாதம்" என்று நாத்தனார் சொன்னால், "எங்க, பால் கொஞ்சம் நீர்த்துப் போச்சு, பீன்ஸும் ஒரே அளவா நறுக்கல" என்பார். காலை நான்கு மணிக்கு எழுந்து உழைத்தவருக்கு அந்தப் பாராட்டு ஒரு வாய் கூட இறங்கவில்லை. எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம். நம் வீடுகளில் இப்படிப்பட்டவர்களை "ரொம்ப பெர்ஃபெக்ட்" என்று மெச்சிவிட்டு, அவர்கள் படுகிற பாட்டைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இதைத் திறமை என்று நினைப்பதுதான் முதல் தவறு. அதே சொதியை எடுத்துக்கொள்வோம். அதில் கறாராக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இரண்டாம் பால், மூன்றாம் பாலில் காய் வெந்து, பாசிப்பருப்பும் சேர்ந்த பிறகு, கடைசியில் முதலில் பிழிந்த கெட்டியான தலைப்பாலை ஊற்றி, நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். அந்த ஒரு நிமிஷம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கேரட் துண்டு ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் குழம்புக்கு ஒன்றும் ஆகாது. கைதேர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். எல்லா இடத்திலும் ஒரே கறாராக இருப்பவர், தலைப்பால் ஊற்றுகிற நேரத்தில் களைத்துப்போய் பாத்திர விளிம்பைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பத்தமடையில் கல்யாணத்துக்கென்று மணமக்கள் பெயர் போட்டு நெய்கிற பட்டுப்பாய்க்கு எவ்வளவோ நாள் பிடிக்கும். தினமும் விரித்துப் படுக்கிற பாய்க்கு அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். நம் வேலைகளையும் இப்படி ரகம் பிரித்துக்கொள்ளலாம். ஆச்சிக்குக் கொடுக்கிற மாத்திரையின் அளவு, பணம் அனுப்பும்போது போடுகிற கணக்கு எண் இரண்டும் பட்டுப்பாய் ரகம். லீவு லெட்டர், வாட்ஸ்அப்பில் சித்தப்பாவுக்குப் போடுகிற பதில், துணி மடிப்பது எல்லாம் படுக்கிற பாய். இதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பாதியில் முடிவெடுத்தால் எல்லாமே பட்டுப்பாய் ஆகிவிடும்.

அடுத்த தவறு, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது. தென்காசிக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரை போய், "கேஸை மூடினேனா?" என்று ஆட்டோ பிடித்துத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. இன்னொரு தடவை பார்த்தால் நிம்மதி வரும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டி, அதைப் பலமுறை சரிபார்க்கச் செய்தார்கள். சரியாக நினைவு வைப்பதில் பெரிய குறை வரவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப அடுப்பையே பார்த்தவர்களுக்கு அந்த நினைவு மங்கலானது, அதன் மேல் இருந்த நம்பிக்கையும் குறைந்தது. ஆக, சரிபார்க்கச் சரிபார்க்கச் சந்தேகம்தான் வளர்கிறது. ஒரே தடவை, அவசரப்படாமல், குமிழில் கை வைத்து, "அடைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். வழியில் மனசு இழுக்கும். இழுக்கட்டும், பஸ் ஏறிவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்கிற தவறுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை, மார்க் பேச்சுக்கும் குறைவில்லை. 98 வாங்கி வந்த பிள்ளையிடம் "ரெண்டு மார்க் எங்கல போச்சு?" என்று கேட்பது அப்பாவுக்கு ஒரு நொடிப் பேச்சு. பிள்ளை அதை வைத்துக்கொண்டு வளரும். ஒரு எழுத்து பிசகினால் தாளையே கிழித்து மறுபடி எழுதுகிற பிள்ளையின் நோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் ஒரு தாளைக் கிழித்ததால் அதன் ஜோடித் தாள் பின்பக்கம் கழன்று தொங்கும். வருஷம் முடிவதற்குள் நோட்டு பாதியாகிவிடும். "ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு மேல எழுது" என்று நாம் சொல்ல வேண்டும், நாமும் அப்படி எழுதிக் காட்ட வேண்டும்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் ஹெவிட், ஃபிளெட் இருவரும் 1991-இல் இந்தக் குணத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்கள் நம்மிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் 41,641 பேரிடம் 1989 முதல் 2016 வரை சேகரித்த தரவுகளைக் கர்ரன், ஹில் என்ற ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது மூன்றுமே கூடியிருந்தன. மூன்றாவதுதான் மிக அதிகமாக, 33 சதவீதம் கூடியிருந்தது. "ஊர் என்ன சொல்லும்" என்று கேட்டே வளர்கிற நம் பிள்ளைகளுக்கு இந்த மூன்றாவதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நல்ல நேரத்துக்குக் காத்திருப்பதும் இதே குணம்தான். தை பிறக்கட்டும், திங்கட்கிழமை வரட்டும் என்று நடைப்பயிற்சியைத் தள்ளிப்போடுவது, ஒரு நாள் விட்டுப்போனால் மொத்தமாக நிறுத்திவிடுவது. பத்து நிமிஷம் நடந்தாலும் நடந்ததுதான்.

உதவ வந்தவர்களின் வேலையை அவர்கள் கண்முன்னே திருத்துவதும் கூடாது. மகன் மடித்து வைத்த துணியை உதறி மறுபடி மடித்தால், அடுத்த வாரம் அவன் துணிப்பக்கமே வர மாட்டான். அப்புறம் "வீட்ல ஒருத்தரும் கை கொடுக்கறதில்ல" என்று வருந்திப் பயனில்லை. கோணல் மடிப்போடு பீரோவில் அப்படியே வையுங்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் விட்டுவிடுவேன் என்று சபதம் போடுவதும் தவறுதான், அதுவும் பழைய பிடிவாதத்தின் இன்னொரு உருவம். வாரத்துக்கு ஒன்றை மட்டும் வேண்டுமென்றே குறையோடு விட்டுப் பாருங்கள். விருந்தாளிக்கு ஜோடி சேராத டம்ளரில் காபி கொடுங்கள். கொடுக்கும் முன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். அவர்கள் போன பிறகு உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். மனநல சிகிச்சையிலும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். நாலைந்து தடவை எழுதினால் இரண்டுக்கும் உள்ள தூரம் உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

சரிபார்ப்பதிலேயே தினமும் மணிக்கணக்கில் போகிறது, தூக்கம் கெடுகிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் இந்தச் சின்ன வழிகளோடு நிற்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.