ஸ்பானிஷ் கவர் பாட்டு: அடியின் கடைசிச் சொல்லைப் பிடியுங்கள்

1960-களின் தொடக்கத்தில் மெக்சிகோவின் லாஸ் டீன் டாப்ஸ் ராக் குழு, ஒல்லிப் பெண்ணைப் பற்றிய 'போனி மொரோனி' என்ற ஆங்கிலப் பாட்டை ஸ்பானிஷில் மறுபதிவு, அதாவது கவர், செய்தபோது தலைப்பை மொழிபெயர்க்கவில்லை, 'போபோத்தீத்தோஸ்' ஆக்கியது. அங்கே போபோத்தே என்றால் உறிஞ்சுகுழல். ஒல்லிப் பெண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான செல்லப்பெயர் ஏது? பொருளைத் தளர்த்தலாம், சந்தத்தைத் தளர்த்தக் கூடாது.

முதலில் அனுமதி. அமெரிக்காவில் பழைய பாட்டை அப்படியே மறுபதிவு செய்யக் கட்டாய உரிமம் போதும்; அதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டாம், சட்டம் சொல்லும் கட்டணம் செலுத்தினால் சரி. வரிகளை வேறு மொழிக்கு மாற்றினால் இசைப் பதிப்பாளரின் சம்மதம் தனியாக வேண்டும்.

அடுத்து மெட்டுக்குத் தத்தகாரம் (சொல்லுக்குப் பதில் 'தன்னன்னா' போன்ற அசைகள்) எழுதி, அழுத்தம் விழும் அசைகளைக் கோடிடுங்கள். சிக்கல் அடியின் முடிவில்தான். ஆங்கில அடிகள் பெரும்பாலும் அழுத்தமான ஓரசையில் நிற்கும். ஸ்பானிஷ் சொற்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம்: வீதா, நோச்சே. அவற்றை அந்த ஓரசை இடத்தில் திணித்தால் அழுத்தம் 'தா'வுக்குத் தாவும். கேட்பவருக்கு உடனே உறுத்தும். அதனால் 'அமோர்', 'கொரசோன்' போலக் கடைசியில் அழுந்தும் சொற்களையோ, 'கந்தார்', 'வொல்வேர்' போன்ற வினைகளையோ தேடுங்கள். எல்லா அடியும் 'ஆர்' என முடிந்தால் மலிவாக ஒலிக்கும். 'நோச்சே' தவிர்க்க முடியாததென்றால் 'நோ'வைத் தாளத்தில் வைத்து, 'ச்சே'யை அடுத்த அரைத் தட்டில் மெல்ல விடுங்கள்.

உயிரோடு உயிர் சேர்வது நம் புணர்ச்சி போலத்தான்: 'மி அல்மா' எழுத்தில் மூன்றசை, பாட்டில் 'மியல்மா', இரண்டசை. பிரித்துப் பாடினால் ஓரசை கூடி, அடி முழுவதும் ஓட வேண்டிவரும். உச்ச சுரத்தில் ஆ, ஏ, ஓ வரட்டும். இ, உ தொண்டையை இறுக்கும். அப்போதும் எட்டவில்லையென்றால் கிட்டார்களை அரைச் சுரம் இறக்கிச் சுருதி கூட்டுங்கள். விரல் வைக்காத திறந்த தந்திகளில் வாசிக்கும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) அப்படியே இருக்கும்.

டிரம்ஸை வரிகள் முடிவான பிறகே பதிவுசெய்யுங்கள். கிளிக்கோடு (காதில் ஒலிக்கும் தாளத் தட்டு) ஒரு கிட்டாரும் வழிகாட்டிக் குரலும் முதலில் போதும். மூலப் பாட்டின் ஃபில்களை (அடிகளுக்கு இடையே வரும் டிரம் நிரப்படிகள்) அப்படியே அடித்தால் அந்த 'ச்சே' அதற்கடியில் காணாமல் போகும்.

மைக்கிலிருந்து 15–20 செ.மீ., நடுவில் 'ப' போன்ற ஒலிகளின் காற்றடியைத் தடுக்கும் பாப் ஃபில்டர். ஸ்பானிஷில் பன்மைக்கெல்லாம் 'ஸ்' வருவதால் சீறல் அதிகம். அதே வரியை இரண்டாம் முறை பாடிக் குரலை இரட்டிக்கும்போது இரண்டாவது டிராக்கில் சொல் இறுதி 'ஸ்'ஸை விழுங்கிப் பாடுங்கள். மிச்சத்துக்கு 5–8 கிலோஹெர்ட்ஸில் சீறலைக் குறைக்கும் டீ-எஸ்ஸர். 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ'வென நாக்கு உருண்டால் நாய். இப்படிப்பட்ட சொல் வரும் அடியை ஸ்பானிஷ் பேசும் ஒருவர் கேட்டுச் சரி சொன்ன பிறகே அடுத்த டேக்.