தொட்டியில் இட்லிப்பூ: இலை மஞ்சளானால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நர்சரியில் கொத்துக் கொத்தாகப் பூத்து நின்ற இட்லிப்பூச் செடி, வீட்டுக்கு வந்த சில மாதங்களில் வெளிறிப்போகிறது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உரம் வைப்போம். செடி இன்னும் மோசமாகும். பெரும்பாலும் கோளாறு போர்வெல் தண்ணீரில்தான் இருக்கிறது.

வெட்சி என்று நம் இலக்கியம் சொல்லும் இந்த இனத்துக்குப் புளிப்பான, அதாவது அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பிஹெச் அளவு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நன்றாக வளரும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரைத் தினமும் ஊற்றினால் தொட்டி மண் மெல்ல மெல்லக் காரமாகிவிடும். அப்புறம் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது.

எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். நுனியில் வரும் இளம் இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறை. அடியிலுள்ள முற்றிய இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. முற்றிய இலைகளில் நரம்புகளுக்கு நடுவே மட்டும் மஞ்சள் படர்ந்தால் மெக்னீசியம் போதவில்லை. மண் எப்போதும் சொதசொதவென்று இருந்து, இலைகள் வாடிக் கொட்டினால் வேர் அழுகுகிறது; அங்கே எந்த உரமும் உதவாது.

இரும்புக் குறைக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் (ஃபெரஸ் சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் தெளிக்கலாம். அளவைக் கூட்டினால் இலை கருகும். கரைசல் சிந்தினால் தரையில் துருக்கறை படியும், கவனம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தெளித்தால் புதுத் துளிர் பச்சையாக வரத் தொடங்கும். ஆனால் இது தற்காலிக வைத்தியம்தான். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதே நிலையான வழி. ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரை மட்டும் ஊற்றவே வேண்டாம். உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும்.

மற்றச் செடிகளுக்கு நல்லதென்று சொல்லப்படும் முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், எலும்புத்தூள் மூன்றும் இதற்கு ஆகாது. முதல் இரண்டும் மண்ணைக் காரமாக்கும். எலும்புத்தூளில் சுண்ணாம்பும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகுதி. மணிச்சத்து கூடினாலும் இரும்பு பிடிபடாது. மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தை அடிக்கடி போடுவதும் அதனால்தான் தவறு. புது சிமென்ட் தொட்டியிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். மண் தொட்டி அல்லது பிளாஸ்டிக் தொட்டி நல்லது.

குட்டை ரகத்துக்கு 10 முதல் 12 அங்குலத் தொட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, ஆற்றுமணல் அரைப்பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு, மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். அதிலும் உப்பு உண்டு. நர்சரிப் பையில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை கெட்டியாக இருந்தால், ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஓரங்களை விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு நடவும். அப்படியே நட்டால் ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி வழிந்தோடிவிடும், உள்ளே வேர் காய்ந்தே கிடக்கும்.

நாளுக்கு நான்கு முதல் ஆறு மணி நேர வெயில் தேவை. நிழலில் இலை செழிக்கும், பூ வராது. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தபின் அடித்துளையில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மொட்டு கட்டியிருக்கும்போது மண்ணை முழுதாகக் காயவிட்டால் மொட்டு உதிரக்கூடும்.

பூ வருவது புதுக்கிளையின் நுனியில். அழகுக்காக வாரம்தோறும் நுனியைக் கத்தரித்தால் மொட்டுகளைத்தான் வெட்டிப்போடுகிறோம். கொத்து வாடியதும் அதற்குக் கீழே இரண்டு கணு தள்ளி வெட்டுங்கள்; அங்கிருந்து இரண்டு கிளை பிரியும், அடுத்த கொத்து அவற்றில் வரும். செடி நெட்டையாகிவிட்டால் பிப்ரவரியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம். கோடை உச்சத்தில் கை வைக்காதீர்கள்.

உரத்துக்கு, 50 கிராம் கடலைப்புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிநீரைப் பத்து மடங்கு நீர் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும்.

இலை மேல் கரிபோலப் படிந்து, தண்டில் எறும்பு ஊர்ந்தால் இலைக்கு அடியிலும் கணுக்களிலும் தேடுங்கள்: மாவுப்பூச்சி அல்லது செதில்பூச்சி இருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தபின், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கவும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். எறும்பு வரும் வழியையும் அடைக்க வேண்டும். பூச்சியைப் பாதுகாத்து வளர்ப்பது அதுதான். அடைக்காவிட்டால் மருந்து தெளித்த செடியில் மறுபடியும் பூச்சி பெருகும்.