கருவாடும் மசாலாவும் ஒரே பாக்கெட்டில்: இருவர் சேர்ந்து தொழில் தொடங்கும் முறை

தண்டையார்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன மசாலா மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துத் தருவோம், குழம்புத்தூளும் விற்போம். மில்லுக்கு வரும் அக்கா ஒருவர் காசிமேட்டில் கருவாடு விற்பவர். இரண்டு பேரும் பல வருடம் தனித்தனியாகத்தான் வியாபாரம் செய்தோம். இப்போது சுத்தம் செய்த நெத்திலிக் கருவாட்டையும் அதற்கான குழம்புத்தூளையும் ஒரே பாக்கெட்டில் போட்டு விற்கிறோம். நான்கு பேருக்கு ஒரு வேளைக் குழம்பு வரும்.

இதை எப்படித் தொடங்கினோம் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். உங்கள் பொருள் வேறாக இருக்கலாம், தையலோ லேத்து வேலையோ எதுவாக இருந்தாலும் வழி இதுதான்.

படி 1: வாங்குபவர் எங்கே சலித்துக்கொள்கிறார் என்று பாருங்கள்

புதுமை என்றதும் புது மெஷின், ஆப் என்று மனம் போகும். அதை முதலில் ஒதுக்கி வையுங்கள். உங்கள் பொருளை வாங்க வந்து, கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் போகிறவர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்று கேளுங்கள். நான் 2 வாரம் அக்காவின் கூடைக்குப் பக்கத்தில் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது இதுதான்: "நெத்திலின்னா ஆசைதான்கா, தலை கிள்ள யாரு உக்காருறது?"

நெத்திலி ஆய்ந்தவர்களுக்கு இந்த வேலை தெரியும். அலுமினியத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளி, அதோடு வரும் கறுப்புக் குடலை இழுத்துப் போட வேண்டும். பிறகு வெந்நீரில் போட்டு அலசினால் பாத்திரத்தின் அடியில் மணல் தங்கும். 3 தண்ணீர் மாற்றினாலும் குழம்பில் ஒரு பருக்கை மணல் பல்லில் கடிபட்டால் அன்றைய சாப்பாடே போச்சு. வேலைக்குப் போகிற பெண்கள் கருவாடு வாங்குவதை நிறுத்தியதற்குக் காரணம் ருசி குறைந்தது அல்ல, இந்த முக்கால் மணி நேரம்தான்.

அப்புறம் மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கரையில் மணல்மேல் விரித்துக் காயவைப்பதால் வருகிறது என்றார் அக்கா. சவுக்குக் கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் பழைய வலையைக் கட்டி, அதன்மேல் காயவைத்துப் பார்த்தோம். அடியிலிருந்தும் காற்று படுவதால் சீக்கிரம் காய்ந்தது, மணலும் பெருமளவு போனது. செலவு கம்புக்கும் கயிற்றுக்கும் மட்டும்தான். எங்கள் தொழிலில் நடந்த பெரிய புதுமை இந்த வலைப் பரண்தான்.

உங்களுக்கான வேலை: ஒரு நோட்டில், 2 வாரம், வாங்காமல் போனவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். அதிகமாக வரும் ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உங்களிடம் இல்லாததை வைத்திருப்பவரைத் தேடுங்கள்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் உங்களிடம் இருப்பது, மறுபக்கம் இல்லாதது. என்னிடம் மில்லும், தூளின் பக்குவமும், கடைக்காரர்கள் பழக்கமும் இருந்தன. கருவாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அக்காவுக்கு எந்தப் படகுச் சரக்கு நல்லது, எது உப்பு அதிகம் என்று தொட்டுப் பார்த்தே தெரியும். கடைகளுக்குப் பில் போட்டுச் சரக்குக் கொடுத்த பழக்கம் இல்லை. இந்த இரண்டு பட்டியலும் பல்லும் சக்கரமுமாகப் பொருந்த வேண்டும். இன்னொரு மில்காரரோடு சேர்ந்திருந்தால் செலவு இரண்டாகியிருக்கும், குறை அப்படியே இருந்திருக்கும்.

இந்தப் பாடம் வடசென்னைக்குப் புதிது இல்லை. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களைத்தான் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது. பிறகு லேலண்டோடு கைகோத்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்சிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அந்த வருடமே பெரம்பூர் ஐ.சி.எஃப்.-ல் ஸ்விட்சர்லாந்து நிறுவனத்தின் நுட்பத்தோடு ரயில் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். மூன்றும் தங்களிடம் இல்லாததை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டன.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. புல்லட்டுக்கு முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களைச் செய்யும் கருவிகளையே வாங்கிக்கொண்டார்கள். இங்கிலாந்துக் கம்பெனி பின்னாளில் மூடிவிட்டது, திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. கூட்டாளியிடமிருந்து சரக்கு மட்டும் வாங்காமல் வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இப்போது எனக்கு நெத்திலி ஆயத் தெரியும். அக்காவுக்கு மல்லி எந்தப் பதத்தில் வறுக்க வேண்டும் என்று தெரியும். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் வேலை ஓடுகிறது.

ஆளைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே ஒரு சோதனைதான்: சின்னக் கடனை எப்படித் திருப்பித் தருகிறார்? 200 ரூபாய் பாக்கியைக் கேட்காமலே கொண்டுவந்து தருபவரோடு தைரியமாகச் சேரலாம்.

படி 3: 50 பாக்கெட்டில் சோதித்துப் பாருங்கள்

லேபிள் ஆயிரம் அடிக்காதீர்கள், மெஷின் வாங்காதீர்கள். முதல் 50 பாக்கெட்டை மில்லுக்கு வரும் தெரிந்த குடும்பங்களுக்கு மட்டும் கொடுத்து, ஒரு வாரம் கழித்து என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

எங்களுக்கு அதில் இரண்டு தவறு தெரிந்தது. முதலாவது, கருவாட்டையும் தூளையும் ஒரே கவரில் போட்டுவிட்டோம். கருவாட்டில் இருந்த ஈரத்தைத் தூள் இழுத்து, நான்கே நாளில் கட்டி தட்டியது. அதிலிருந்து தூளுக்கு உள்ளே தனிக் கவர், கருவாட்டைச் சுத்தம் செய்த பிறகு இன்னொரு வெயில், கொண்டித்தோப்பில் ஒருவரிடம் கூலிக்குக் காற்று உறிஞ்சி ஒட்டும் பேக்கிங் என்று மாற்றினோம். அவர் எங்களுக்கு மூன்றாவது கூட்டாளி மாதிரி ஆகிவிட்டார். பாக்கெட்டுக்கு இத்தனை என்று கூலி, லாபத்தில் பங்கு கிடையாது. கூட வேலை செய்கிற எல்லோரையும் பங்காளி ஆக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தவறு கணக்கில்.

படி 4: ஒரு பாக்கெட்டின் அடக்க விலையை எழுதுங்கள்

பாக்கெட்டில் 100 கிராம் நெத்திலி. கிலோ 350 ரூபாய்க்கு வாங்கியதால் 35 ரூபாய் என்று போட்டேன். அது தப்பு. 1 கிலோவில் தலையும் குடலும் மணலும் போனால் ஏறக்குறைய 700 கிராம்தான் மிஞ்சுகிறது. அப்படியென்றால் 100 கிராமுக்கு 143 கிராம் வாங்க வேண்டும், 50 ரூபாய். மற்றவை: தூள் 20, ஆயும் கூலி 8, கவரும் லேபிளும் பேக்கிங்கும் 9, ஆட்டோ 5. மொத்தம் 92. நாங்கள் விற்றது 115-க்கு. 38 ரூபாய் நிற்கும் என்று நினைத்த இடத்தில் 23 தான் நின்றது. 50 பாக்கெட் என்பதால் பரவாயில்லை, 5,000 பாக்கெட்டில் இந்தத் தப்பு நடந்திருந்தால் 75,000 ரூபாய்.

லாபத்தைப் பிரிக்கும் முன் அவரவர் சரக்கின் விலையும் உழைப்பின் கூலியும் முதலில் அவரவருக்குப் போய்விட வேண்டும். மிஞ்சுவதில்தான் பங்கு. ஆயும் கூலி அக்கா வீட்டுப் பெண்களுக்குப் போகிறது, அதை "வீட்டு வேலைதானே" என்று விட்டால் ஆறே மாதத்தில் மனக்கசப்பு வரும். நாங்கள் மிஞ்சும் பணத்தில் 10-ல் 2 பங்கைத் திரும்பி வரும் சரக்குக்காக ஒதுக்கிவிட்டு, மீதியைச் சரிபாதி எடுத்துக்கொள்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு கணக்குப் பார்க்கும் நாள். என்ன வேலை இருந்தாலும் அது தள்ளிப்போகாது.

படி 5: எழுதிக்கொள்ளுங்கள்

"நம்ம அக்காதானே, பேப்பர் எதுக்கு?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். அக்காதான் எழுதச் சொன்னார்.

சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1932-ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, பங்கு எவ்வளவு என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்யவில்லை என்றால் லாபமும் நஷ்டமும் சமமாகப் பிரியும், யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்று பார்க்காது. தொழிலுக்காக ஒரு கூட்டாளி வாங்கிய கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்துக்காக வெளியாள் மேல் வழக்குப் போடுவதும் முடியாது. பொறுப்பு போட்ட முதலோடு நிற்க வேண்டும் என்றால் 2008-ஆம் வருடத்துச் சட்டப்படி எல்.எல்.பி. என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டு நிறுவனம் வைக்கலாம், ஆனால் அதற்கு வருடா வருடம் தாக்கல் செய்யும் வேலை உண்டு.

புதியவர்களுக்கு என் யோசனை: முதல் வருடம் கூட்டு நிறுவனமே வேண்டாம். அவரவர் தொழில் அவரவர் பெயரில் இருக்கட்டும். நடுவில் ஒரு ஒப்பந்தம் மட்டும் போடுங்கள். எங்களுடையது ஒன்றரைப் பக்கம். யார் என்ன தருவது, பணம் யார் கணக்கில் வருவது, எந்த நாளில் பிரிப்பது, சரக்கு கெட்டால் யார் தலையில், பாக்கெட்டின் பெயர் யாருக்குச் சொந்தம், விலக நினைத்தால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தூளின் அளவு என்னுடையது, பரண் முறை அக்காவுடையது, பிரிந்தாலும் அப்படியே என்றும் எழுதியிருக்கிறோம். ஒரு வக்கீலிடம் காட்டித் திருத்திக்கொண்டோம்.

படி 6: பதிவுகள்

இது சுருக்கமானது. உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. அதை ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசமாகச் செய்யலாம், பணம் கேட்கும் இணையதளங்களிடம் போகாதீர்கள். உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம், அந்த 14 இலக்க எண் லேபிளில் வர வேண்டும். அதோடு நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, முகவரி, சேர்மானங்கள், அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம், மீன் இருக்கிறது என்ற ஒவ்வாமைக் குறிப்பும் வேண்டும். ஜி.எஸ்.டி. உங்களுக்கு வருமா என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

படி 7: விற்பதும் பணம் வாங்குவதும்

எம்.சி. ரோடு பக்கம் ஒரு பெரிய கடை முதல் ஆர்டரே 300 பாக்கெட் கேட்டது. சந்தோஷத்தில் எந்தத் தேதியில் பணம் என்று எழுதி வாங்கவில்லை. 4 மாதம் நடந்தேன். அந்த 4 மாதமும் அக்காவின் முதல் முடங்கியது, படகில் சரக்கு எடுக்கக் காசில்லாமல் நின்றார். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதற்கப்புறம்தான் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் வருடத்து எம்.எஸ்.எம்.இ. சட்டத்தைத் தெரிந்துகொண்டேன். தயாரிக்கும் சிறு தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் பேங்க் ரேட் என்று ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பணம் வராவிட்டால் அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து, கெடு தாண்டி நிலுவையில் இருக்கும் பாக்கியை வாங்கியவர் அந்த வருடச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது. அதனால் இப்போது பில்லிலேயே உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் அச்சடித்திருக்கிறேன். இந்த வசதி வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இல்லை, தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். சரக்குக் கொடுக்கும் முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.

புதுக் கடைக்கு முதல் ஆர்டர் 20 பாக்கெட்தான் தருகிறோம். அதற்குப் பணம் வந்த பிறகு அடுத்தது.

படி 8: வருடத்தின் போக்கைப் பார்த்துப் பணம் ஒதுக்குங்கள்

எந்தத் தொழிலுக்கும் ஒரு பஞ்ச காலம் இருக்கும். எங்களுக்கு இரண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. பச்சை மீன் விலை ஏறுவதால் கருவாட்டுக்குக் கிராக்கி வரும், ஆனால் சரக்கு வராது, ஃபைபர் படகுகளை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, பரணில் எதுவும் காயாது. ஆகவே பிப்ரவரி, மார்ச்சிலும், ஆகஸ்ட், செப்டம்பரிலும் முன்கூட்டியே வாங்கி வைக்கிறோம். அந்த முதலில் 10-ல் 6 பங்கு நான், 4 பங்கு அக்கா. இதுவும் பேப்பரில் இருக்கிறது. இல்லாவிட்டால் வருடத்துக்கு இரண்டு முறை யார் பணம் போடுவது என்று முகம் பார்த்துக்கொண்டு நிற்போம்.

இப்போது சென்னாக்குன்னிப் பொடி கேட்கிறார்கள். சின்ன இறால் என்பதால் ஆயும் வேலை இல்லை, சலிக்கும் வேலைதான். அதையும் 50 பாக்கெட்டில்தான் தொடங்குகிறோம். அக்காவின் மருமகள் தன் கையால் கணக்கு நோட்டுப் போட்டுவிட்டாள், வரும் ஞாயிறு அவர்கள் வீட்டு மாடியில் முதல் சலிப்பு.