நீரிழிவும் மெக்னீசியமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரிழிவு உள்ளவர்களில் பலருக்கு மெக்னீசியம் குறைந்திருப்பது உண்மை. செல்லின் மேலுள்ள ஏற்பியில் இன்சுலின் இணைந்த பிறகு அதன் கட்டளை உள்ளே செல்வதற்கு இந்தத் தாது தேவைப்படுவதால், அது குறையும்போது இன்சுலினின் திறனும் குறைகிறது. இதை வைத்து, மெக்னீசியம் மாத்திரையே சர்க்கரையைக் குறைக்கும் மருந்து என்று முடிவுகட்டுவதுதான் பரவலான தவறு. குறைபாடு உள்ளவருக்கு அதை ஈடுசெய்வதால் ஓரளவு நன்மை கிடைக்கலாம். ஆனால் அது நீரிழிவு மருந்துக்கு மாற்றாகாது.

குறைவு ஏன் ஏற்பட்டது என்று பாராமல் மாத்திரையைத் தொடங்குவது அடுத்த தவறு. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது சிறுநீர் அதிகமாகப் பிரிந்து, அதோடு மெக்னீசியமும் வெளியேறுகிறது. எனவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே அந்த இழப்பைக் குறைக்கும் வழி. நீண்ட காலம் உட்கொள்ளும் ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளும், சிறுநீரைப் பெருக்கும் சில இரத்த அழுத்த மருந்துகளும்கூட இதற்குக் காரணமாகலாம்.

இரத்தப் பரிசோதனை இயல்பாக இருப்பதாலேயே குறைவில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. உடலிலுள்ள மெக்னீசியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவானதே இரத்த நீர்மத்தில் இருக்கிறது, எஞ்சியதில் பெரும்பகுதி எலும்பிலும் தசையிலும் உள்ளது. அதற்காக, அறிக்கையை ஒதுக்கிவிட்டு ஊகத்தில் மாத்திரை விழுங்குவதும் முறையன்று.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது, சிறுநீரகத்தின் நிலையை அறியாமல் தொடங்குவது. மிகையான மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகமே. நீரிழிவு முதலில் தாக்கும் உறுப்புகளுள் ஒன்றும் அதுவே. அது தளர்ந்திருந்தால் மெக்னீசியம் உடலில் தேங்கி, தசை சோர்ந்து, இரத்த அழுத்தம் சரிந்து, இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம். சில அமில முறிவு மருந்துகளிலும் மலமிளக்கிகளிலும் மெக்னீசியம் இருப்பதை (இதைப் பலர் கணக்கில் கொள்வதே இல்லை) மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினுக்கும் மெக்னீசியத்துக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி வேண்டும்; இல்லாவிட்டால் தைராய்டு மருந்து சரியாக உறிஞ்சப்படாது. மெக்னீசியம் மாத்திரைகளில் ஒரு வகையான மெக்னீசியம் ஆக்சைடு வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடியது, நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினும் அப்படியே. இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கினால் எதனால் வயிறு கெட்டது என்று மருத்துவராலும் எளிதில் சொல்ல முடியாது.